கடைசி இடத்துக்கு ஒரு மைக்

1

நாளை சனிக்கிழமை. கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் லண்டனின் தெற்கு ஓரத்தில் ஒரு வாடகை மண்டபத்தில் கூடுவோம். அதற்கு நான்தான் பரோட்டா போட வேண்டும். இந்நேரம் மாவு பிசைந்து ஊற வைத்திருக்க வேண்டும். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அதனால் கையைக் கழுவிவிட்டு, மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு நான் வேலை பார்க்கும் ஓட்டலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என்னை ஊரில் பலருக்குத் தெரியாது. குமராட்சிக்குப் பக்கத்துக் கிராமம். படித்தது ஐந்தாம் வகுப்பு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் பரோட்டாக் கல்லில் நின்றேன். அந்தக் கல் வேலைதான் என்னை விமானம் ஏற்றியது. இந்த மாதத்தோடு இருபது வருஷம் ஆகிறது.

இருபது வருஷமும் இந்தச் சந்திப்புக்குப் போயிருக்கிறேன். ஆனால் மண்டபத்தின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சரியாகத் தெரியாது. என் இடம் பின்னால் இருக்கும் சமையலறை. நாலு பேருக்கு மேல் என்னைப் பார்த்தால் எனக்குக் குரல் வராது. குடியுரிமைக்காக ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் பரீட்சை ஒன்று உண்டு. முதல் தடவை போனபோது எதிரே இருந்த அம்மா என் பேரைக் கேட்டார். பேரைச் சொன்னேன். அடுத்து, இன்று எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். பஸ்ஸில் வந்தேன் என்று சொல்ல எனக்குத் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவைதான் தேறினேன்.

இப்படிப்பட்டவன் கடந்த பத்து மாதமாக ஒரு மைக்கைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். காரணம் ஒரு கால்பந்து விளையாட்டு.

2

கால்பந்து என்றால் காலால் ஆடுவது அல்ல. நம் ஊரில் கிரிக்கெட் சீசனில் பசங்கள் மொபைலில் டீம் போடுகிறார்களே, அதே மாதிரி. இங்கே நடக்கும் பெரிய லீக்கில் ஆடுகிற இருபது டீமிலிருந்து நமக்குப் பிடித்த பதினைந்து ஆட்களை எடுத்து ஒரு டீம் கட்ட வேண்டும். அந்த ஆட்கள் வார இறுதியில் நிஜமாக ஆடும்போது கோல் போட்டால், கோல் விடாமல் காத்தால் நமக்குப் புள்ளி. கேப்டன் என்று ஒருவனைச் சொன்னால் அவன் புள்ளி இரண்டு மடங்கு. வாரம் ஒரு ஆளை மாற்றிக்கொள்ளலாம். சந்திப்புக்கு வருகிறவர்கள் சேர்ந்து ஆடும் எங்கள் குழுவில் காசு கிடையாது. ஆனால் ஒரு சட்டம் உண்டு. சீசன் முடிவில் கடைசியாக வருகிறவர் ஜூன் சந்திப்பில் மேடையேறி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். தமிழில்.

இந்தச் சட்டத்தைப் போட்டவன் பாலா. கடலூர் முதுநகர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை, சந்திப்பை நடத்துகிறவன். என்னைக் குழுவில் சேர்த்துவிட்டது என் மகள் கயல். அவள் இங்கே பிறந்தவள். போன செப்டம்பரில் வடக்கே, ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில், காலேஜுக்குப் போனாள். போவதற்கு முந்தின வாரம் என் போனை வாங்கி ஏதோ அழுத்தினாள்.

"உனக்கு டீம் போட்டுட்டேன் பா. இனிமே வாரம் ஒரு தடவ நீ எனக்கு போன் பண்ணியே ஆவணும். யாரு ஃபிட், யாருக்கு யாரு கூட மேட்ச், எல்லாம் பேசணும்ல?"

"கடைசியா வந்தா மைக்காமே!"

"அதெல்லாம் வர மாட்ட."

அது வரை எங்கள் பேச்சு என்பது, "சாப்புட்டியா", "சாப்புட்டேன்", "அம்மா கிட்ட குடுக்கட்டா", "குடு". அவ்வளவுதான். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வருஷத்துக்கு ஒரு மாலை பெற்றோரைக் கூப்பிடுவார்கள். என் மனைவி செல்விக்கு வேலை நேரம் ஒத்துவராது, நான்தான் போவேன். டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்பார், கயல் பதில் சொல்வாள். பதினொரு வயதில் ஒரு தடவை டீச்சரிடம், "என் அப்பா பேச மாட்டார்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். கிளம்பும்போது நானும் ஏதாவது பேச வேண்டுமே என்று, போயிட்டு வரேன் என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவிட்டேன். அந்த டீச்சர் நாங்கள் திரும்பி வருவோம் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

3

வாரா வாரம் கயலிடம் பேச ஒரு விஷயம் வேண்டும். எனக்குக் கால்பந்து தெரியாது. தெரிந்தது கபடி. அதையும் ஆடித் தெரியாது. பரோட்டா போட்டுத் தெரியும்.

அறுவடை முடிந்ததும் நம் பக்கம் கபடிப் போட்டி தொடங்கிவிடும். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒன்று நடக்கும், மறுநாள் சிதம்பரம் பக்கத்தில் ஒன்று. டீம்கள் லோடு வண்டியில் ஊர் ஊராகப் போவார்கள். போகிற வழியில் எங்கள் ஓட்டலில் சாப்பிடுவார்கள். கல்லுக்குப் பின்னால் நிற்கிறவனை யாரும் கவனிப்பதில்லை. யார் பெஞ்சில் உட்காரும்போது முகத்தைச் சுளிக்கிறான், யார் இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊர் டீம் கேப்டன் மதியழகன் மாமா மைதானத்துக்குப் போகும் வழியில் ஓட்டல் வாசலில் சைக்கிளை நிறுத்துவார்.

"என்னாடா, திட்டக்குடிக்காரனுங்க எப்படி இருக்குறானுங்க?"

"நேத்து ஸ்ரீமுஷ்ணத்துல ஃபைனல் வரைக்கும் ஆடியிருக்கானுங்க மாமா. பாதி பேரு தூங்கவே இல்ல."

"அப்ப நம்ம கனமான ஆளுங்கள உட்கார வச்சிட்டு சின்னப் பசங்கள எறக்குறேன். ஓட உட்டே சாவடிக்கலாம்."

இப்படித்தான். எதிரே வருகிறவன் எங்கே ஆடிவிட்டு வருகிறான் என்று பார்த்துத்தான் நம் ஆளைத் தேர்ந்தெடுப்போம். களைத்து வந்தால் ஓடுகிறவன். தெம்பாக வந்தால் பிடிக்கிறவன்.

லண்டன் விளையாட்டிலும் ஒரு அட்டவணை இருந்தது. அடுத்த ஐந்து வாரத்துக்கு யார் யாருடன் ஆடுகிறார்கள் என்று கட்டம் கட்டமாக. எதிராளி லேசான டீம் என்றால் பச்சை, பலமான டீம் என்றால் சிவப்பு. எல்லோரும் பச்சையைப் பார்த்து ஆள் எடுத்தார்கள். நான் சிவப்பைப் பார்த்தேன். பெரிய டீம்கள் வாரத்தின் நடுவில் வெளிநாட்டுக்குப் போய் வேறொரு கோப்பைக்காக ஆடுகிறார்கள். வியாழக்கிழமை எங்கோ கிழக்குக் கோடியில் ஆடிவிட்டு, விமானத்தில் வந்து, ஞாயிற்றுக்கிழமை இங்கே இறங்குகிறார்கள். இது திட்டக்குடி டீம்தானே என்று நினைத்தேன். அவர்களை எதிர்த்து ஆடுகிற சின்ன டீமின் ஆட்களாகத் தேடித் தேடி எடுத்தேன்.

முதல் இரண்டு தடவை பலித்தது. கயல் போனில் கத்தினாள். "எப்படிப் பா? அவன எவனும் எடுக்கல!" எனக்கு முதுகு நிமிர்ந்தது.

4

பிறகு அக்டோபரிலிருந்து ஒன்றும் பலிக்கவில்லை. நான் களைத்திருப்பார்கள் என்று நினைத்த டீம்கள் மூன்று கோல், நான்கு கோல் என்று போட்டன. என் ஆட்கள் வாரா வாரம் மண்ணைக் கவ்வினார்கள். நான் விடவில்லை. அடுத்த வாரம் களைத்துவிடுவான், அடுத்த வாரம் களைத்துவிடுவான் என்று பொங்கல் வரை காத்திருந்தேன். பட்டியலில் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். என் கணக்கு இப்படிப் போகிறது என்று கயலிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. கடைசியில் அவளே கேட்டாள்.

"நீ எத வச்சுப் பா ஆள் எடுக்குற?"

சொன்னேன். சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா! வியாழக்கிழம ஆடுனவன் ஞாயித்துக்கிழம ஆட மாட்டான் பா. அவுங்க கிட்ட இருபத்தஞ்சு பேரு இருக்குறாங்க. வேற டீம எறக்குவாங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. நம் பக்கம் ஏது இரண்டாவது டீம்? ஏழு பேர் ஆடுவார்கள், உபரியாக இரண்டு பேர் வண்டியில் வருவார்கள். அந்த ஏழு பேர்தான் நேற்றும் ஆடினார்கள், இன்றும் ஆடுவார்கள், கால் வீங்கினாலும் ஆடுவார்கள். ஒரு டீம் களைக்கும் என்றால் ஆள் களைத்தான் என்றுதான் எனக்கு அர்த்தம். இங்கே ஆளை மாற்றிவிடுகிறார்கள். டீம் களைப்பதே இல்லை. உட்கார்ந்திருந்தவன் இறங்கும்போது, இடம் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் உயிரைக் கொடுத்து ஓடுகிறான். நான் நாலு மாதம் அந்த வெறிக்கு எதிராக ஆள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விஷயம் வெளியே போய்விட்டது. கயல் சாதிக்கிடம் சொல்லிவிட்டாள். சாதிக் பரங்கிப்பேட்டைக்காரன், பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். நான் வந்த முதல் வருஷத்திலிருந்து மச்சான் என்றுதான் கூப்பிடுவான். கடைக்குள் நான் நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவான்.

"வாங்க மச்சான், டயர்டா இருக்குறீங்களா? வேற மச்சான அனுப்பட்டுமா?"

அவனும் விளையாட்டில் மோசம். மார்ச் மாதம் வந்தபோது கடைசி இடத்துக்கு நானும் அவனும்தான் நின்றோம். அதில் எனக்கு ஒரு சங்கடம். சாதிக்குக்கு மைக் என்றால் உயிர். கல்யாண வீட்டில் கார் நம்பர் அறிவிக்கக் கொடுத்தாலும் அரை மணி நேரம் பேசுவான். அவன் கடைசியாக வந்தால் யாருக்கும் வேடிக்கை இல்லை. நான் வந்தால்தான் வேடிக்கை. இருபது வருஷமாக என் குரலை யாரும் கேட்டதில்லை. குழுவில் இருந்த பதினெட்டுப் பேரும் நான் தோற்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். பாலா மேடையில் நான் ஏறி நிற்க ஒரு பலகை செய்து அதைப் படமும் எடுத்துக் குழுவில் போட்டான்.

5

கடைசி வாரம் வந்தது. நான் கடைசியில் இருந்தேன். சாதிக் என்னைவிட மூன்று புள்ளி மேலே.

செவ்வாய்க்கிழமை கயல் கூப்பிட்டாள். "அப்பா, ஜூன் சந்திப்புக்கு நான் டிக்கெட் போட்டுட்டேன்."

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள் வரவில்லை. அங்கே எல்லோரும் மார்க்கும் கல்யாணமும் கேட்கிறார்கள் என்பாள்.

"நீ பேசுனா கேக்கணும்ல பா. நீ ஜெயிச்சிட்டா கேன்சல் பண்ணிக்கலாம், அந்த மாதிரி டிக்கெட்தான்."

அவளும் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பரீட்சை அறையில் ஒருவர் முன்னால் ஊமையாக உட்கார்ந்தேன். இங்கே இருநூறு பேர். முன் வரிசையில் என் மகள். பதினொரு வயதில் அவள் சொன்னதை நான் நேரிலேயே நிரூபித்துக் காட்டுவேன்.

அந்த வாரம் முழுக்க பரோட்டா தீய்ந்தது. முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். செல்வி வீட்டில், "போனா போவுதுங்க. எழுதி வச்சுப் படிச்சிட்டு எறங்கிடுங்க" என்றாள். எழுதி வைத்ததைப் படிக்கவும் குரல் வேண்டுமே.

கடைசி நாளில் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. எனக்கு ஒரே கேள்வி, யாரைக் கேப்டனாகப் போடுவது. என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள். டீம் பெயர்கள் எனக்கு நாக்கில் நிற்காது, சட்டை நிறம்தான். மஞ்சள் சட்டையில் ஒரு நெட்டையன். அவனுக்கு எதிரே லீக்கை விட்டு ஏற்கனவே கீழே இறக்கப்பட்ட ஒரு டீம். நல்ல பச்சைக் கட்டம். சாதிக்கிடமும் அவன் இருந்தான், சாதிக் அவனைத்தான் கேப்டனாகப் போடுவான். நானும் அவனையே போட்டால் அந்த மூன்று புள்ளி அப்படியே நிற்கும். இன்னொருவன் கருஞ்சிவப்புச் சட்டையில் ஓரத்தில் ஓடுகிற ஒல்லியன். அவனுக்கு எதிரே வெள்ளைச் சட்டை. பெரிய டீம். அடர்ந்த சிவப்புக் கட்டம். ஆனால் வெள்ளைச் சட்டைக்கு அதற்கடுத்த புதன்கிழமை வெளிநாட்டில் பெரிய கோப்பையின் இறுதி ஆட்டம் இருந்தது.

மறுபடியும் எதிராளியின் அட்டவணை. மறுபடியும் அதே குழி. இரண்டாவது டீமை இறக்கினால் அந்தப் பையன்கள் புதன்கிழமை இடத்துக்காக வெறியோடு ஆடுவார்கள், நான் செத்தேன். முதல் டீமையே இறக்கினால்? அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் முதுநகர் மீனவர் டீம், கடலூரில் பெரிய ஃபைனலை வைத்துக்கொண்டு, எங்கள் ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதற்காக வந்து ஆடினார்கள். எல்லோரும் தெம்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவன்கூடக் காலைப் பாய்ந்து பிடிக்கவில்லை. கணுக்கால் போனால் ஃபைனல் போச்சு. எங்கள் பையன்கள் கோட்டைத் தொட்டுவிட்டு நடந்து வந்தார்கள்.

களைப்பு வேறு, பயம் வேறு. களைத்தவனை மாற்றிவிடலாம். பயப்படுகிறவனைக் களத்தில் விட்டால் பயத்தோடுதான் நிற்பான். எனக்கு அது தெரியும்.

வெள்ளைச் சட்டை முதல் டீமை இறக்குமா என்பதுதான் தெரியாது. ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே நம் டீமைப் பூட்டிவிடுவார்கள். யார் இறங்குகிறார்கள் என்பது பூட்டிய பிறகுதான் வெளியே வரும். பூட்டுவதற்குச் சற்று முன்னால் வரை நெட்டையன் பெயரிலேயே விரலை வைத்திருந்தேன். பிறகு ஒல்லியனைத் தொட்டேன். வியர்வையில் போன் வழுக்கியது.

6

டீம் வெளியானதும் சாதிக் கூப்பிட்டான். "மச்சான்! வெள்ளச் சட்டக்காரன் மெயின் டீமையே எறக்கிட்டான். ஃபுல் பலம். ஒங்க ஒல்லியன் காலி. அல்லாஹ் மேல ஆணையா, ஒங்களுக்காக நான் மொத வரிசையில உக்காந்து கைதட்டுறேன்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சரி என்று போனை வைத்தேன்.

ஓட்டல் காலியாக இருந்தது. மாவு டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றேன். உட்கார முடியவில்லை. வெள்ளைச் சட்டைகள் பந்துக்குப் போவது போலப் போய்ப் பாதியில் நின்றார்கள். ஒல்லியன் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினான். அரை மணி நேரத்தில் ஒரு கோல். இடைவேளைக்குப் பின் இன்னொன்று, அது ஒருவன் முதுகில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. அதிர்ஷ்டம்தான். மஞ்சள் சட்டை நெட்டையனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இழக்க ஒன்றுமில்லாத அந்தக் கீழே போன டீம் சந்தோஷமாக ஆடியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அப்படியும் சாதிக் முன்னால்தான் இருந்தான், அவனுடைய மற்ற ஆட்களும் கோல் போட்டிருந்தார்கள். அவனுடைய கோல்கீப்பர் அதுவரை கோல் விடவில்லை, அதற்கு அவனுக்குப் புள்ளி. அந்த ஆட்டம் முடியப் போகிறது. நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சூடு உறைக்கவில்லை. கடைசி நேரத்தில் ஒரு கார்னர், கூட்டத்தில் யாரோ தலையில் தட்டி, கோல். சாதிக்கின் புள்ளி கழன்றது. நான் இரண்டு புள்ளியில் தப்பித்தேன்.

சமையலறையில் தனியாகச் சத்தம் போட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

குழுவில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. பாலா பலகைப் படத்தின் மேல் அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டான். சாதிக் மட்டும் கொண்டாடினான். கயல், "சூப்பர் பா" என்று ஒரு வரி அனுப்பினாள். நான் கூப்பிட்டேன்.

"ஒல்லியன் என்னா ஆட்டம் பாத்தியா?"

"பாத்தேன் பா. சூப்பர்."

"சந்திப்புக்கு எந்த ரயிலு?"

"வரல பா. கேன்சல் பண்ணிடுறேன். சாதிக் மாமா பேசுறத நான் பொறந்ததுலேருந்து கேக்குறேன்."

"சும்மா வாயேன்."

"நீ பேசுறத ஒரு தடவ கேக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான். பரவால்ல, விடு." பிறகு, "அம்மா கிட்ட குடு" என்றாள்.

சீசன் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் அவளுக்கு என்னைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. கூப்பிடவும் இல்லை. அதற்கடுத்த வாரமும்.

7

போன திங்கட்கிழமை சாதிக் கடைக்குப் போனேன். வாசலில் இரண்டு தடவை நடந்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

"சாதிக்கு, அந்த மைக்க எனக்குக் குடுத்துடு."

"என்னா?"

"நான் பேசுறேன்."

அவன் அரிசி மூட்டையை இறக்கி வைத்தான். "அதெப்படி மச்சான்? பத்து மாசம் கஷ்டப்பட்டுத் தோத்துருக்கேன். நீங்க ஜெயிச்ச ஆளு. ஜெயிச்ச ஆளுக்கு மைக் கெடையாது, சட்டம்."

"ரெண்டு நிமிஷம் குடு."

"ஒரு வாரமா ரெடி பண்ணிருக்கேன் மச்சான். நாலு ஜோக்கு. ஒன்னு ஒங்களப் பத்தி."

"அத சொல்லிட்டே குடு."

அவன் என்னைப் பார்த்தான். "கயலு வர்றாளா?"

"நான் பேசுனாத்தான் வருவா."

சாதிக் மூட்டையின் மேல் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினான். "சரி. மூணு நிமிஷம் எனக்கு, ரெண்டு நிமிஷம் ஒங்களுக்கு. ஆனா ஒங்கள அறிமுகப்படுத்துறது என் மூணு நிமிஷத்துல வராது, அது தனிக் கணக்கு. ஜாஸ்தி ஆனா கேக்கக் கூடாது." நான் வெளியே வரும்போது பின்னாலிருந்து கத்தினான். "மச்சான், அங்க வந்து டயர்டாயிடாதீங்க. ஒங்களுக்கு ரெண்டாவது டீம் கெடையாது!"

8

கயலைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை நான் முதலில் பேசினேன்.

"சனிக்கிழம நான் பேசுறேன்."

"நீ ஜெயிச்சிட்டியே பா?"

"ஜெயிச்சும் பேசுறேன்."

அவள் சிரிக்கவில்லை. போனில் கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "பத்தே முக்கால் ரயிலு. ஒன்னரைக்குள்ள ஸ்டேஷன் வந்துடுவேன்னு நெனைக்கிறேன். இரு, ஒன்னே முக்கால்னு போட்டுருக்கு. பரவால்லயா?"

"ரெண்டு ஆகட்டும், மூணு ஆகட்டும். அது வரைக்கும் சாதிக்கு மாமாவ பேச உடுறேன்."

"என்ன பேசப் போற?"

"தெரியல கயலு. பேரு சொன்னதுக்கு அப்பறம் ஒன்னும் வராது."

"அந்த ஒல்லியன ஏன் கேப்டனா போட்டன்னு சொல்லு. செவப்புக் கட்டத்துல எவனும் போட மாட்டான். எனக்கே நீ சொல்லல."

"அது ஒன்னும் இல்ல. ஒரு வருஷம் முதுநகர் டீமு எங்க ஊருக்கு ஆட வந்தாங்க. அவுங்களுக்கு அடுத்த வாரம் கடலூர்ல ஃபைனலு. என் கல்லுக்கு எதுர உக்காந்து..."

"இப்ப வேணாம் பா," என்றாள். "நிறுத்து. அங்க வந்து கேக்குறேன்."